இன்றைய இழுப்பு

சிகரெட்டை விடப்போவதாகச் சொல்லி என் கணவர் சற்குணம் வேப் என்கிற மின்சிகரெட் ஒன்று வாங்கினார். பேட்டரி, திரவம், உறிஞ்சும் வாய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த, உள்ளங்கையில் அடங்கும் சனியன். அன்றைக்கு எத்தனை இழுப்பு என்பதைச் சின்னத் திரையில் காட்டும். தினமும் சாப்பிடும்போது அதை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"நேத்து நாப்பது, இன்னைக்கு முப்பது. உன்னால ஒரு காபிய விட முடியுமாடி?"

அந்த வாயை அடைக்கத்தான், அவர் குளிக்கப் போனபோது எடுத்து ஐந்து முறை இழுத்தேன். குமட்டியது. திரையில் எண் ஏறியிருந்ததைப் பார்த்து அவர் முகம் சுருங்கியதும் குமட்டல் போய்விட்டது. மறுநாள் பத்து. பிறகு அவர் கடைக்குப் போனாலும் இழுத்தேன், மாடிக்குப் போனாலும் இழுத்தேன். அவர் திரையை நீட்டுவதை நிறுத்தினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நானும் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இன்று காலை வேப்பைக் காணவில்லை. அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தேன். அவருடைய சட்டைப் பைகளை எல்லாம் துழாவினேன். கூடத்தில் உட்கார்ந்து அவர் போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வேப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது.

"குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"நான் இதத் தொட்டு இருபது நாளாச்சு, வனஜா. தீரத்தீர ஊத்தி மட்டும் வச்சேன்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாங்கின கடைக்கு விமர்சனம் எழுதுறேன். சரியா இருக்கான்னு நீயே சொல்லு."

என் கை நீட்டியபடியே இருக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"கைக்கு அடக்கம். சார்ஜ் நல்லா நிக்குது. புதுசாப் பழகுறவங்களுக்கு ரொம்பப் பொருத்தம்."