இடப்பக்கத்துப் பாறை

இஞ்ஞாசியின் முதல் குண்டு பன்றியின் பின்தொடையில் பட்டது. அடிபட்ட பன்றி ஓடவில்லை. அவனை நோக்கித் திரும்பியது. இரட்டைக்குழல் துப்பாக்கியின் அடுத்த விசையை அழுத்தினான். டக்கென்று ஓர் ஓசை. தோட்டா வெடிக்கவில்லை.

இப்படி நேர்ந்தால் அவனுக்கும் மைத்துனன் தொம்மைக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெடிக்காத துப்பாக்கியைத் தாழ்த்தக் கூடாது, திறக்கவும் கூடாது. உள்ளே தூங்குகிற மருந்து எந்த நொடியும் விழித்துக்கொள்ளலாம். குழலைப் பன்றியின் மேலேயே வைத்துக்கொண்டு “போடு மச்சான்” என்றால் போதும். சொன்ன வாய் மூடுமுன் இடப்பக்கத்துப் பாறையிலிருந்து தொம்மையின் குண்டு வந்துவிடும். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் தாலி கட்டியபின் வந்து சேர்கிற மனிதன், இதற்கு மட்டும் ஒருமுறைகூடப் பிந்தியதில்லை.

தொம்மையை அடக்கம் செய்தபின் இஞ்ஞாசி வந்த முதல் வேட்டை இது. “எங்கண்ணன் இல்லாம நீங்க காட்டுக்குப் போவாதீங்க” என்று மனைவி சொன்னதற்குச் சிரித்துவிட்டு வந்திருந்தான்.

விரலிடுக்கில் புதுத் தோட்டா இருந்தது. துப்பாக்கியை மடித்து, மாற்றிப் போட்டுச் சுட நேரமும் இருந்தது. பன்றி நொண்டிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் அவன் குழலைத் தாழ்த்தவில்லை.

“போடு மச்சான்” என்றான்.

காடு அப்படியே இருந்தது. அவன் இன்னொரு முறை, கெஞ்சுவதுபோல், சொன்னான்.

பன்றி நின்றது. தலையை மெல்லத் திருப்பி, இடப்பக்கத்துப் பாறையைப் பார்த்தது.