சிவப்பில் நின்ற முள்

அரிசி மில் முதலாளியின் அறைக் கதவை நிலோஃபர் தயங்கித் தயங்கித்தான் தட்டினாள். போன மாதம் மெஷின் பெல்ட் கிழிந்திருக்கிறது என்று சொன்ன ஜாபிரை, அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர் பஞ்சநதம்.

“என்னம்மா?”

“முதலாளி… நெல் அவிக்கிற பாய்லர்ல பிரஷர் மீட்டர் முள்ளு சிவப்புல நிக்குதுங்க.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். திட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பஞ்சநதம் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதம்மா. அது கெட்டுப்போன மீட்டர். நான்தான் காலையில மாட்டி வெச்சேன். தஞ்சாவூர்ல மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் போறேன்ல, அங்க ஒரு ஆராய்ச்சி சொன்னாங்க. முதலாளிக்குப் பயந்தா, ஆளுங்க தப்பைப் பார்த்தாலும் சொல்ல மாட்டாங்களாம். நம்ம மில்லுல யாரு சொல்றாங்கன்னு பார்த்தேன். நீ ஒருத்திதான் வந்திருக்க. இனிமே நீதான் சூப்பர்வைசர்.”

நிலோஃபருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப, பாய்லர் அடியில விரிசல் விட்டு நேத்துலேர்ந்து ஆவி சீறுதே, அதுவும் நீங்க செஞ்சு வெச்சதுதானுங்களா?”

பஞ்சநதத்தின் சிரிப்பு நின்றது.

“எந்த விரிசல்?”

ஜன்னலுக்கு வெளியே, பாய்லரைச் சுற்றி எல்லாரும் வாய் திறக்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.