மெரில் மாட்டிய வின்ச்

கேப் யார்க் ஆற்றங்கரையில் மெரில் ஜீப்பை நிறுத்தினாள். அதன் முன்னால் இருந்த, கயிற்றைச் சுற்றி வண்டிகளை இழுக்கும் மின்சார வின்ச், அவளே ஒயரிங் செய்து மாட்டியது. எங்கள் ஜீப் கிளப் தலைவர் கிளைட் எட்ட இருந்தபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"போல்ட்டை எதுலம்மா போட்ட? பம்பர்லயா?"

"சேசிஸ்ல."

"பேட்டரி ஒயரு மெல்லிசா இருந்தா எரிஞ்சுடும், தெரியுமா?"

"கட்டைவிரல் தடிமன் போட்டிருக்கேன்."

"பிளஸ்ஸு மைனஸை மாத்திக் குடுத்திருப்ப. இழுக்கறதுக்குப் பதிலா கயித்தை வெளிய விடும்!"

"ஓட்டிப் பாத்தாச்சு கிளைட்."

"எதுக்கும் ஒரு ஆம்பளைகிட்ட காட்டியிருக்கலாம்."

எனக்கே கோபம் வந்தது. மெரில் வின்ச் கயிற்றை உருவி, கொக்கியை அவரை நோக்கி வீசினாள்.

"பேசினது போதும். மாட்டுங்க."

மாட்டினார். நடு ஆற்றில், இருக்கை வரை தண்ணீர் ஏறிவிட்ட தன் புது வண்டியின் பானெட்மேல் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கையை விட்டு மாட்டினார். எதிர்க்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலை ஒன்று மெல்ல ஆற்றில் இறங்கியது.

"அழுத்தும்மா! சுவிட்சை அழுத்தும்மா தாயே!"

அழுத்தினாள். வண்டியோடு தலைவரும் கரை சேர்ந்தார்.

சட்டையைப் பிழிந்துகொண்டே வின்ச்சை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்ல. ஆனா, கொஞ்சம் மெதுவாத்தான் இழுக்குது."