இருபத்து மூன்று புள்ளி நான்கு ஏழு

“இந்த உலகத்துல கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுன்னு ஒண்ணுமே கிடையாதுப்பா. எல்லாத்தையும் அளந்துடலாம்” என்று ஆய்வக வாசலில் நின்று கைப்பேசியில் அறிவித்தான் தசமம். எந்த எண்ணைச் சொன்னாலும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சேர்த்தே சொல்வதால் வந்த பட்டப்பெயர்.

“அது இருக்கட்டும்டா. இந்தத் தடவையாவது தேறுவியா?” என்றார் அப்பா.

“தொண்ணூத்தேழு புள்ளி நாலு ஒண்ணு சதவீதம் தேறிடுவேன்.”

“போன தடவையும் இதேதான் சொன்ன.”

“போன தடவை தொண்ணூத்தாறு புள்ளி எட்டு ரெண்டுப்பா.”

கணினி அமைப்புகளின் செயல்திறன் மதிப்பீடு என்ற பாடத்தில் அவனுக்கு இது மூன்றாவது முயற்சி. வேலை உத்தரவு வீட்டில் தயாராக இருந்தது. இன்றைய செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் அது வெறும் காகிதம்.

வினாத்தாளில் ஒரே கேள்வி. ‘உங்கள் மேசையில் இடது, வலது என இரண்டு திரைகள் உள்ளன. எதில் வேலை வேகமாக முடிகிறது? காரணம் கூறுக.’ சந்தேகம் இருந்தால் ஆய்வக உதவியாளரைக் கேட்கலாம் என்று அடியில் ஒரு குறிப்பு.

மற்றவர்கள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள், தசமம் இடது பக்கம் ஒரே நிரலை முப்பது முறை ஓட்டி நேரம் குறித்துவிட்டான். வலது பக்கத்துக்கு வந்தபோது அறை முழுக்கத் தட்டச்சுச் சத்தம். வலது நொண்டியது.

பக்கத்து மேசைக்காரி எழுந்து போய், மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

“என்ன, அண்ணன்கிட்ட ஜோசியம் பார்த்தாச்சா?” என்றான் தசமம்.

“ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீயும் போய்க் கேளேன்.”

“நாலு வருஷம் படிச்சுட்டு வயர் சுத்தறவர்கிட்ட போய்க் கேக்கறதா? அதுக்கு நான் படிக்காமயே இருந்திருக்கலாம்.”

“படிச்ச மாதிரியும் தெரியலையே” என்றவள், இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். தேர்வு தொடங்கி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

தசமம் பதினோரு பக்கம் எழுதினான். வரைபடம் நான்கு, அட்டவணை ஆறு. இடது கணினி வலதைவிட 23.47 சதவீதம் வேகமானது என்று முடித்தான். வலது கணினியை உடனே தூக்கிப் போடும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒரு பரிந்துரையும் சேர்த்தான்.

பத்து நிமிடம் மிச்சமிருந்தது. கை சும்மா இருக்குமா? வலது பக்கம் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான்.

அறையில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டிருந்தார்கள். நொண்டிய வலது இப்போது குதிரையாகப் பாய்ந்தது. இடதுக்கு எழுதிவைத்த அதே நேரம், புள்ளி பிசகாமல்.

மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே. பதினோரு பக்கமும் அவன் முகத்தையே பார்த்தன.

தசமம் எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல மெல்ல நடந்து, உதவியாளர் அருகில் போய்க் குனிந்தான்.

“அண்ணே... என் மேசையில இருக்கிற ரெண்டு மெஷின்ல எதுண்ணே வேகம்?”

அவர் வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டும் வெறும் திரைதான். இந்த ரூமுக்கே ஒரு மெஷின்தானே தம்பி.”