கோரைப்புல்லுக்குள் ஒரு குஞ்சு

அந்தச் சிறிய மாவட்டத்தில் குளத்துக்கு ஒரு வாத்துப் பள்ளி இருந்தது. வருடக் கடைசியில் குஞ்சுகள் எதிர்க்கரைவரை நீந்திக் காட்ட வேண்டும். நாரை அதிகாரி கரையில் நின்று எண்ணிக்கொள்ளும்.

இந்த வருடம் மேலக்குளத்தில் இறங்கிய இருபது குஞ்சுகளும் கரை சேர்ந்தன. கீழக்குளத்தில் ஒன்று மட்டும் பாதியில் திரும்பிவிட்டது. பரிசளிப்புக்கு எல்லா வாத்துகளும் மேலக்குளக் கரையில் கூடின.

"எங்களுக்கு நூற்றுக்கு நூறுங்க ஐயா" என்றது மேலக்குளத்துத் தலைமை வாத்து. பிறகு கீழக்குளத்து வாத்தைப் பார்த்து, "ஏன் டீச்சர், உங்க குஞ்சு குளிக்க இறங்குச்சா, பரீட்சைக்கு இறங்குச்சா?" என்று கேட்டது. கீழக்குளத்து வாத்து தலையைக் குனிந்துகொண்டது.

மேலக்குளத்து வாத்துக்குப் போட நாரை தாமரை மாலையைத் தூக்கியது. தவளைகள் மேளம் கொட்டின. சத்தம் கேட்டு, மேலக்குளத்துக் கோரைப்புல்லுக்குள்ளிருந்து மெலிந்த குஞ்சு ஒன்று தத்தித் தத்தி வெளியே வந்தது.

"டீச்சர், பரீட்சை முடிஞ்சிருச்சா? நீங்க சொன்ன மாதிரி சத்தமே போடாம ஒளிஞ்சிருந்தேன். இனிமே நானும் தண்ணியில இறங்கலாமா?"

மேளம் நின்றது.

கீழக்குளத்து வாத்து தண்ணீரில் இறங்கித் திரும்பி, "வா கண்ணு" என்றது.

நாரை மாலையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.