அவர் சொன்ன வரி

“இங்கிலீஷ் கவிதையில ஒரு வரி தெரியாத பெட்டையோட நான் என்னத்தைக் கதைக்கிறது?” என்றார் மாப்பிள்ளை தம்பிராஜா.

“படிச்சுக்கொள்ளுவாள், தம்பி” என்று பெண்ணின் தகப்பனார் கெஞ்சினார். தேநீர்த் தட்டோடு நின்றவள், பெண் பார்க்கும் வழக்கப்படி வாய் திறக்கவில்லை. தம்பிராஜா எழுந்து போய்விட்டார்; அந்த வீட்டை மறந்தும்விட்டார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, மலாயாவின் குளுவாங் ஊரில் பார்வையிழந்து தனித்திருந்த அவருக்கு, மாலைதோறும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி ஆங்கிலக் காவியம் வாசித்தாள். அந்தக் குரலுக்காகவே அவர் உயிர் வாழ்ந்தார்.

காவியம் முடிந்த அன்று கேட்டே விட்டார்.

“டீச்சர், என்னைக் கட்டுவீங்களோ?”

புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

“உங்கட வாயால ஒரு வரி கேக்கக் கனகாலமாக் காத்திருக்கிறன்.”

“எந்தக் கவிதையில? எல்லாம் எனக்குப் பாடம்!”

“அண்டைக்கு என்ர அப்பாவிட்டச் சொன்னீங்களே, அதைத் திருப்பிச் சொல்லுங்கோ.”