பேர் காட்டுதே!

"காணாமப் போன ஹெட்போன் வீட்டுக்குள்ளதான் இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் அவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கன்னம் வீங்கியிருந்ததால், 'பொய்' மட்டும் பாதிக் காற்றாக வந்தது.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஊரெல்லாம் ஒரு வழி போனால் இவர் தனி வழி. வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார். அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மனுஷன் சொன்னால் நம்பமாட்டார், திரை சொன்னால் வேதவாக்கு.

கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினார். நாலு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"பாரு. கீபோர்டு, மவுஸ், மாமா போன், கடைசியா என்னோட புது ஹெட்போன். ப்ளூடூத்துங்கறது பக்கத்துல இருக்கறதைத்தான் பிடிக்கும். தெருமுனைக்குப் போனாலே அறுந்துடும். பேர் காட்டுதுன்னா பொருள் இங்கதான் இருக்கு."

"வீட்டுல எங்கன்னு காட்டாதா?"

"அதையும் கம்ப்யூட்டரா சொல்லணும்? வீட்டுக்குப் புதுசா யாரு வந்திருக்கா?" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. கூடத்தில் இருந்தவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

கூடத்தில் இருந்தவன் அவளுடைய தம்பி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று வந்திருந்தான். அப்பா பஸ்ஸில் அடிபட்டு இறந்து, ஒற்றைச் செருப்பும் நொறுங்கின போனும் மட்டும் இவர்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, அவனுக்கு அக்காவை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

"அவன் எடுக்கமாட்டாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கையில காசில்லாதவன் புத்தி எப்படிப் போகும்னு யாருக்குத் தெரியும்? நான் கேட்டா நல்லா இருக்காது. நீயே கேட்டுடு."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிட மோசம், மனசின் ஒரு மூலையில் அவளுக்கும் சந்தேகம் எட்டிப் பார்த்தது. திரையில் பேர் தெரிகிறதே!

கூடத்துக்குப் போய்த் தம்பி எதிரில் நின்றாள். "டேய், தப்பா எடுத்துக்காதே. உன் பையைக் கொஞ்சம் திறந்து காட்டிடேன். அவர் வாய் அடங்கிடும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதற்கு என்றுகூடக் கேட்காமல் பையைக் கவிழ்த்தான். மடித்த சட்டைகள், சர்டிபிகேட் கவர், குதிகால் கிழிந்த சாக்ஸ். பேன்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். பிறகு சோப்பு டப்பாவைத் திறந்தான்.

"அதெல்லாம் எதுக்குடா..."

"பார்த்துடுக்கா. அப்புறம் மனசுல இருக்கக் கூடாது."

எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி ஜிப்பை இழுத்தான். "ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கறேன்க்கா. அத்தான்கிட்ட சொல்லிடு" என்று படியிறங்கிப் போனான். அவள் வாசல்வரைகூடப் போகவில்லை. அவன் முதுகைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"பார்த்தியா, நழுவிட்டான்! சோப்பு டப்பாவை எவனாவது திறந்து காட்டுவானா? எங்கப்பன் குதிருக்குள் இல்லைங்கற கதைதான்" என்றார் அவர். ஹெட்போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் பார்த்தார். இணையவில்லை. "ஆஃப் பண்ணி ஒளிச்சு வெச்சிருக்கான், கில்லாடி."

அப்போது அவருடைய போன் அடித்தது. வீங்கிய கன்னத்தில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"பல் கிளினிக்லேர்ந்து பேசறோம் சார். நேத்து பல் எடுக்கும்போது ஹெட்போனைக் கழட்டி நாற்காலி பக்கத்துல வெச்சீங்களே, அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க. வந்து வாங்கிக்கறீங்களா?"

"வேற யாரோடதாவது இருக்கும்மா. என்னோடது வீட்டுலதான் இருக்கு."

"இல்ல சார், உறையில உங்க பேரும் நம்பரும் ஒட்டியிருக்கு. அதைப் பார்த்துத்தான் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரையை வெறித்துப் பார்த்தார். "அப்ப இதுல எப்படிப் பேர் காட்டுது?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அவள் குனிந்து, முதல் தடவையாக அந்த நாலு பெயரையும் தானே படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். அப்பா இருந்தபோது, அவர் போனிலிருந்த போட்டோக்களை ஏற்றுவதற்காக இவரே ஒருநாள் சேர்த்துவைத்த பெயர், இன்னும் அழியாமல் நின்றது. தம்பியின் பையைத் திறக்கச் சொன்ன தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மாமா போன்னும்தான் காட்டுது. அப்ப எங்கப்பாவும் வீட்டுக்குள்ளதான் இருக்காரா?"